குருபீடம் ஆண்ட நிலம்: ஓசூரிலிருந்து சிருங்கேரி வரை

ஜூஜூவாடியில் தமிழ்நாடு முடிகிறது. காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு சிப்காட் பக்கம் வரும் கம்பெனிப் பேருந்துகளும், பெங்களூருக்கு ரோஜாக் கட்டுகளைக் கொண்டுபோகும் வேன்களும், கட்டட வேலைக்குப் போகும் மேஸ்திரிகளும் சித்தாள்களும் நெருக்கியடித்துக் கடக்கிற அந்த நெடுஞ்சாலையில், கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதை வைத்துத்தான் எல்லை தெரிகிறது. அந்தாண்ட அத்திப்பள்ளி, கர்நாடகம். இந்தாண்ட ஓசூர். பேச்சில் எல்லை இல்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாயில் ஒரே மூச்சில் வருகின்றன.

இந்த எல்லையை 1956இன் மொழிவாரி மாநிலப் பிரிவினை போட்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அது போடப்பட்டுவிட்டது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, வென்றவர்கள் மைசூர் ராஜ்ஜியத்தைப் பங்கு போட்டார்கள். பாலாகாட் என்று அன்று அழைக்கப்பட்ட ஓசூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குக்கு வந்து சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. அத்திப்பள்ளியும் ஆனேக்கல்லும் உடையாருக்குத் திருப்பித் தரப்பட்ட மைசூரில் நின்றன. பிறகு வந்த பிரிவினை அந்தப் பழைய எல்லையை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஓசூரில் நிலம் வைத்திருந்த ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. 1799இலும் கேட்கவில்லை, அதற்கு முன்பும் கேட்டதில்லை.

ஓசூரில் தொடங்கி ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி என்று சுற்றிவிட்டு மேற்கே சிருங்கேரி வரை நான் போனதற்கு ஒரு கேள்விதான் காரணம். அரசனும் தளபதியும் ஆண்ட நிலத்தில் உழுதவனின் கதை நமக்கு ஓரளவு தெரியும். சமயத் தலைவர் ஒருவரே ஒரு நிலப்பரப்பை ஆண்டால், வரி வாங்கினால், வழக்குத் தீர்த்தால், அங்கே உழுதவனின் கதை என்ன? ஜெர்மானிய நாடுகளில் அப்படிப்பட்ட அரசுகள் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. நம் பக்கத்தில் அதற்கு மிக நெருக்கமாக இருந்தது சிருங்கேரி மடத்தின் ஜாகீர். இரண்டையும் ஓசூரோடு கட்டிவைக்கும் ஒரு வருடம் இருக்கிறது: 1791.

அந்த வருடம் ஜூலையில் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை பெங்களூரிலிருந்து கிளம்பி ஓசூருக்கு வந்தது. திப்புவின் காவல்படை கோட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டது. இன்று ஓசூரில் பழங்காலத்தைத் தேடுபவர் சந்திரசூடேஸ்வரர் மலைக்குத்தான் போக வேண்டும். பங்குனித் தேரின்போது இந்த எல்லைச் சீமையின் எல்லா மொழிக்காரர்களும் கூடுகிற மலை அது. மேலே நின்று பார்த்தால் ஒருபுறம் தொழிற்சாலைக் கூரைகள், மறுபுறம் கேழ்வரகுக் காடுகளை விழுங்கிக்கொண்டு எழும் மனைப்பிரிவுகள். 1970களில் சிப்காட் வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டனும் வந்தன. 2019இல் ஊர் மாநகராட்சி ஆயிற்று. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்கிற ஊராக இதை நாடு அறிகிறது. ஓர் அரசு இன்னோர் அரசோடு மோதும் வாசலாக இருந்த ஊர் என்பது இங்கே வேலைக்கு வந்து குடியேறியவர்களுக்குத் தெரிய வழியில்லை.

கார்ன்வாலிஸ் யாருடைய பெயரால் போரிட்டாரோ அந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் இரண்டாவது மகன் பிரெடரிக், அதே 1791இல் ஓஸ்னாப்ரூக் என்ற ஜெர்மானியச் சிற்றரசின் ஆயராக இருந்தார். திருப்பலி நிறைவேற்றுகிற ஆயர் அல்லர். அந்த நாட்டை ஆளும் ஆயர். அந்தப் பதவிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது 1764 பிப்ரவரியில். அப்போது அவருக்கு வயது ஆறு மாதம்.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ச் சொல்ல வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாடுகளின் பேரரசர் முதலாம் ஓட்டோவுக்கு இருந்த சிக்கல் எல்லாப் பேரரசர்களுக்கும் உள்ளது. ஒரு பிரபுவுக்கு நிலத்தையும் அதிகாரத்தையும் கொடுத்தால் அவன் அதைத் தன் பிள்ளைக்கு எழுதிவைப்பான். இரண்டு தலைமுறை கழிந்தால் அது பேரரசரின் சொத்தாக இருக்காது. ஆயருக்குச் சட்டப்படி வாரிசு இல்லை. அவர் இறந்தால் அடுத்தவர் யார் என்பதில் பேரரசர் தலையிடலாம். ஆகவே நிலம், வரி, நீதிமன்றம், சுங்கம், நாணயம் அச்சடிக்கும் உரிமை எல்லாம் ஆயர்களுக்கும் மடாதிபதிகளுக்கும் போயின. நாளடைவில் அவர்கள் மதகுருவாகவும் மன்னராகவும் ஒரே ஆளாக நின்றார்கள். மைன்ஸ், கோல்ன், ட்ரியர் ஆகிய மூன்று ஊர்களின் பேராயர்கள் பேரரசரையே தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை பெற்றிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே பெரிதும் சிறிதுமாகப் பல ஆயர் அரசுகளும், சில பள்ளத்தாக்குகளை மட்டுமே ஆண்ட மடங்களும் இருந்தன.

ஓஸ்னாப்ரூக் அவற்றில் சிறியது. சார்லமேன் காலத்திலேயே ஆயர் பீடமான ஊர். 1543இல் நகரம் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றது. நாட்டுப்புறத்தில் கத்தோலிக்கர் ஒரு கிராமம், லூத்தரன்கள் ஒரு கிராமம் என்று கலந்து கிடந்தார்கள். முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைக்கான பேச்சு மியூன்ஸ்டர், ஓஸ்னாப்ரூக் ஆகிய இரண்டு ஊர்களில்தான் நடந்தது. ஐரோப்பாவின் சிக்கலைத் தீர்க்க உட்கார்ந்தவர்கள் தாங்கள் உட்கார்ந்திருந்த ஊரின் சிக்கலையும் தீர்க்க வேண்டியிருந்தது. அவர்கள் கண்ட வழி வரலாற்றில் வேறெங்கும் நான் கேள்விப்படாதது. ஒரு முறை கத்தோலிக்க ஆயர்; அவர் இறந்ததும் ஹானோவரை ஆண்ட குடும்பத்திலிருந்து ஒரு புராட்டஸ்டண்ட் இளவரசர்; அவருக்குப் பின் மறுபடியும் கத்தோலிக்கர். 1650இல் இதற்கு நிரந்தர ஒப்பந்தம் எழுதினார்கள். 1624இல் எந்தக் கோயில் யார் கையில் இருந்ததோ அதை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு தேவாலயப் பங்கும் யாருடையது என்று ஊர் ஊராகப் பிரித்தார்கள். ஓர் எல்லைச் சீமையில் பிறமொழியாரோடும் பிறமதத்தாரோடும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். யாரும் யாரையும் முழுதாக வெல்லவில்லை. அதனாலேயே அது 150 ஆண்டுகள் தாங்கியது.

முதல் புராட்டஸ்டண்ட் ஆயரான எர்ன்ஸ்ட் அகஸ்ட் மனைவி மக்களோடு வந்து அரண்மனை கட்டி வாழ்ந்தார். அவருடைய மகன்தான் 1714இல் பிரிட்டனின் முதலாம் ஜார்ஜ் மன்னரானார். 1727இல் ஓஸ்னாப்ரூக் அரண்மனையிலேயே இறந்தார். 1761இல் கத்தோலிக்க ஆயர் இறந்தபோது முறை ஹானோவர் குடும்பத்துக்கு வந்தது. மூன்றாம் ஜார்ஜ் தன் கைக்குழந்தையை அமர்த்தினார். குழந்தை வளரும்வரை லண்டனிலிருந்து தந்தை ஆண்டார். ஊரில் உட்கார்ந்து உண்மையில் நிர்வாகத்தை நடத்தியவர் யூஸ்டஸ் மோசர் என்ற வழக்கறிஞர். ஜெர்மானிய வரலாற்றெழுத்தில் பெரிய பெயர் அவர். தன் சிற்றரசின் வரலாற்றை மன்னர்களிடமிருந்து தொடங்காமல் நிலம் வைத்திருந்த உழவர்களிடமிருந்து தொடங்கியவர்.

ஆயர்க்கோலின் கீழ் வாழ்வது சுகம் என்று ஜெர்மானியரிடம் ஒரு பழமொழி உண்டு. படை சிறியது, போர் குறைவு, அதனால் வரியும் குறைவு என்பது அதன் நியாயம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மோசர் காலத்து ஓஸ்னாப்ரூக்கில் உழவர்களில் பெரும்பகுதியினர் நிலப்பிரபுவுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்கள் திருமணம் செய்ய, பண்ணையைப் பிள்ளைக்கு மாற்ற எல்லாவற்றுக்கும் கட்டணம் உண்டு. அவர்களுக்கும் கீழே, பெரிய உழவனின் ஓரத்துக் குடிசையில் வாடகைக்கு இருந்துகொண்டு அவன் கூப்பிட்டபோதெல்லாம் வேலைக்குப் போன நிலமற்றவர்கள். கோடைதோறும் இவர்கள் கூட்டம் கூட்டமாக ஹாலந்துக்கு நடந்தார்கள், புல் அறுக்கவும் கரிமண் வெட்டவும். சம்பளத்தைக் கொண்டுவந்து வாடகை கட்டினார்கள். குடிமக்கள் ஆண்டுதோறும் இப்படி அயல்நாடு போவது நல்லதா என்று அங்கே ஒரு பெரிய விவாதமே நடந்தது. நல்லதுதான் என்று மோசர் எழுதினார்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களிலிருந்து பெங்களூர் கட்டட வேலைக்குப் போகிறவர்களைப் பேருந்து நிலையத்தில் பார்க்கும்போதெல்லாம் அந்த விவாதம் எனக்கு நினைவுக்கு வருகிறது. வெளியே போய்ச் சம்பாதிப்பதால் ஊர் பிழைக்கிறது என்று சொன்ன மோசர் தவறாகச் சொல்லவில்லை. ஊரில் ஒரு காணி நிலம் அவர்கள் பேரில் இருந்திருந்தால் போயிருப்பார்களா என்று அவர் கேட்காமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் சாலை கெலமங்கலம் வழியாகப் போகிறது. ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர்போன ஊர். மண்டியில் கிரேட் கிரேட்டாக அடுக்கியிருக்கிறார்கள்; விலை ஏறினாலும் இறங்கினாலும் ஊரே அதைப் பற்றித்தான் பேசுகிறது. தலைக்குமேல் அந்தப் பெரிய பாறைக்குன்று, உச்சியில் கோட்டை. 1791 ஜூலையில் ஓசூரை அடுத்து இதையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை அவர்களுக்கு அகப்படவில்லை. அந்த நவம்பரில் மாக்ஸ்வெல்லின் படை அடிவாரத்தைப் பிடித்துவிட்டு, மேலே ஏறமுடியாமல், உருட்டிவிட்ட பாறைகளில் அடிபட்டுத் திரும்பியது. கோடையில் அந்த மலைமேல் ஏறிப் பார்த்தவர்களுக்கு அது ஏன் முடியவில்லை என்று யாரும் விளக்க வேண்டாம்.

1792இல் உடன்படிக்கை. பாரமகால், அதாவது கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கம் முழுக்கக் கம்பெனிக்குப் போயிற்று. ராயக்கோட்டையும் அவர்கள் கையில். ஓசூர் மட்டும் திப்புவிடம் இருந்தது. இரண்டு அரசுகளின் எல்லை ஏழு ஆண்டுகள் ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் நடுவே, இன்று தக்காளி விளையும் இந்தக் காடுகளில்தான் ஓடியது. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை இந்த வழியாகத்தான் மைசூருக்குள் புகுந்தது. அதன் பிறகுதான் எல்லை வடக்கே நகர்ந்து ஜூஜூவாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த ஏழாண்டுக் காலத்தில்தான், என் பார்வையில், இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய சம்பவம் நடந்தது. அதற்கு நினைவுச்சின்னம் ஒன்றும் கிடையாது. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியைப் பாரமகாலுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஜமீன்தாரையும் குத்தகைதாரரையும் நடுவில் வைத்து மொத்தமாக வரி வாங்கும் வழக்கத்துக்கு மாறாக, ஒவ்வொரு வயலையும் அளந்து, ஒவ்வொரு குடியானவன் பேரையும் எழுதி, அவனிடமே வரியை நிர்ணயிக்கும் முறையை அவர்கள் இங்கே முயன்றார்கள். ரயத்துவாரி என்று பிறகு மாகாணம் முழுவதும் பரவிய முறையின் தொட்டில் இந்தச் சீமை. அந்த வேலையின் கடிதங்களும் கணக்குகளும் ‘பாரமகால் ஆவணங்கள்’ என்று இருபதாம் நூற்றாண்டில் சென்னை அரசால் தொகுதி தொகுதியாக அச்சிடப்பட்டன.

ரயத்துவாரியைக் கொண்டாட நான் வரவில்லை. வரி கடுமையாக இருந்தது. கட்டமுடியாதவன் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடினான். எழுதப்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை நிலமுள்ள சாதிகளின் பெயர்கள், அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களின் பெயர் அதிலும் இல்லை. இருந்தாலும் சர்க்கார் தாளில் குடியானவன் பேர் ஏறியது. ராயக்கோட்டைக்கு வெளியே கிணற்றுமேட்டில் என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அவருடைய நிலம் எவ்வளவு காலமாகக் குடும்பத்தில் இருக்கிறது என்று கேட்டேன். “காலமெல்லாம் யாரு பாத்தாங்க சார்? பட்டா எங்க தாத்தா பேர்ல இருக்குதுங்க, அது போதும்” என்றார். ரோட்டுக்காக அளந்தபோதும், மனைக்காரர்கள் வந்தபோதும் அந்தத் தாளை வைத்துத்தான் அவர் பேசினாராம்.

அவர் பதில் என் கேள்வியைத் திருத்தியது. ஆள்வது குருவா, ராஜாவா என்பதோடு, ஆள்பவருக்கும் உழுபவருக்கும் நடுவில் யார் நிற்கிறார், தாளில் யார் பேர் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற முடிவோடுதான் சிருங்கேரிக்குப் புறப்பட்டேன்.

சிக்கமகளூர் தாண்டிப் பாளெஹொன்னூர் வழியாக மலைநாட்டுக்குள் இறங்கும்போது காற்றே மாறிவிடுகிறது. காப்பித் தோட்டம், மிளகுக்கொடி சுற்றிய மரங்கள், பள்ளத்துக்குப் பள்ளம் பாக்குத்தோப்பு. ஓசூரின் வறண்ட செம்மண்ணிலிருந்து வந்தவன் கண்ணுக்கு இந்தப் பச்சை அளவுக்கு மீறியதாகப்பட்டது. சிருங்கேரி துங்கை ஆற்றின் கரையில் உள்ள சிறிய ஊர். படித்துறையில் பெரிய பெரிய மீன்கள் அச்சமில்லாமல் மொய்க்கின்றன. அவற்றை யாரும் பிடிப்பதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் நரசிம்ம வனம், ஜகத்குருக்கள் தங்குமிடம். பக்தர் கூட்டத்தில் தமிழ்க்குரல் நிறையக் கேட்கிறது. 2014இல் குடமுழுக்கு நடந்த ராஜகோபுரமும் தமிழ்நாட்டுக் கோயிலின் சாயலில்தான் எழுந்திருக்கிறது.

வித்யாசங்கரர் கோயிலைச் சுற்றி நான் நெடுநேரம் நின்றேன். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், முழுக்கக் கல். பன்னிரண்டு ராசிகளுக்கும் பன்னிரண்டு தூண்கள். ஹொய்சளரின் நுணுக்கமும் நம் பக்கத்துக் கோயில்களின் உருவமும் ஒன்றிலேயே கூடியிருக்கின்றன. விஜயநகரம் தோன்றிய காலத்தின் கட்டடக்கலை இது. அரசும் இந்தப் பீடமும் ஒன்றாகவே வளர்ந்தன. 1346இல் விஜயநகரத்தை நிறுவிய ஹரிஹரரும் அவருடைய சகோதரர்களும் சேர்ந்து இங்கே வந்து, பாரதீ தீர்த்தருக்கும் அவரைச் சார்ந்த நாற்பது பிராமணர்களுக்கும் நிலம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அதன் பின் புக்கரும் இரண்டாம் ஹரிஹரரும் மேலும் கொடுத்தார்கள். பீடத்தில் வித்யாரண்யர் அமர்ந்தார். கர்நாடக சிம்மாசனத்தை நிலைநாட்டியவர் என்ற விருதுப்பெயர் இன்றும் ஜகத்குருவின் பட்டங்களில் உண்டு. ரிஷ்யசிருங்கபுரத்தின் அதிபதி என்பதும் உண்டு. அது துறவிக்குரிய பட்டமன்று, ஊரை ஆள்பவருக்குரியது.

நவராத்திரியில் இது கண்ணுக்கே தெரியும். மற்ற நாட்களில் காவியும் தண்டமுமாக இருக்கும் ஜகத்குரு, அந்த இரவுகளில் கிரீடமும் தர்பார் உடையும் அணிந்து சிம்மாசனத்தில் அமர்கிறார். பல்லக்கைத் தெருவின் குறுக்காகத் தூக்கிக்கொண்டு போகும் ‘அட்டப்பல்லக்கு’ மரியாதையும் இந்தப் பீடத்துக்கு இருந்தது. எதிரே யாரும் வரமுடியாது என்பதே அதன் பொருள்.

ஓட்டோ ஆயர்களுக்குக் கொடுத்ததற்கும் ஹரிஹரர் குருவுக்குக் கொடுத்ததற்கும் காரணம் ஒன்று என்று சொல்லமாட்டேன். புதிதாக எழுந்த அரசுக்கு ஒரு தர்மத்தின் அங்கீகாரம் வேண்டியிருந்தது. கொடுத்ததில் பக்தியும் இருந்தது. ஆனால் விளைவில் ஓர் ஒற்றுமை உண்டு. துறவிக்குப் பிள்ளையில்லை. குரு தன் சீடர்களில் ஒருவரைத் தேர்ந்து அமர்த்துகிறார். நிலம் ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினையில் சிதறுவதில்லை. ஓஸ்னாப்ரூக்கைப் போல அரசகுடும்பம் ஒன்று தன் குழந்தையைக் கொண்டுவந்து உட்காரவைக்கவும் இங்கே வழியில்லை. சீடனைக் குருதான் தேர்ந்தெடுக்கிறார். ஜெர்மானிய ஆயர் அரசுகளைப் பிரபுக் குடும்பங்கள் தின்றுதீர்த்தன. சிருங்கேரியைச் சீடர் வழி காத்தது.

விஜயநகரம் சரிந்த பின் கெளதி நாயக்கர்கள் வந்தார்கள். அவர்கள் வீரசைவர்கள். ஆனாலும் ஸ்மார்த்த மடமான சிருங்கேரியின் நிலங்களை மறுபடியும் உறுதிசெய்து கொடுத்தார்கள். 1763இல் ஹைதர் அலி கெளதி நாயக்கரின் பெதனூரைப் பிடித்தார். அவரும் பீடத்துக்கு மரியாதையோடு எழுதினார். பிறகு 1791 வந்தது.

ஓசூருக்கு வந்த கார்ன்வாலிஸின் கூட்டாளிகள் மராட்டியர்கள். வடமேற்கிலிருந்து மைசூருக்குள் இறங்கிய பரசுராம் பாவுவின் படையைச் சேர்ந்தவர்களும், கூட வந்த பிண்டாரிக் கொள்ளைக்கூட்டத்தாரும் சிருங்கேரிக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள். ஆட்களைக் கொன்றார்கள். மடத்தின் தெய்வமான சாரதையின் திருமேனி பீடத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. அப்போதைய குரு மூன்றாம் சச்சிதானந்த பாரதி கார்களாவுக்குப் போய்த் தங்க நேர்ந்தது. குரு திப்புவுக்கு எழுதினார். திப்பு பதில் எழுதினார், கன்னடத்தில். மறுபிரதிஷ்டைக்காக 200 ராஹதி நாணயம் ரொக்கமும் 200 ராஹதிக்குப் பொருளும் கொடுக்கும்படி பெதனூர் அதிகாரிக்கு உத்தரவு போனது. ஏறக்குறைய முப்பது கடிதங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த பேச்சுக்குச் சாட்சி. 1916இல் மைசூர் தொல்லியல் துறை இயக்குநராக இருந்த நரசிம்மாச்சார் மடத்தில் இவற்றைக் கண்டெடுத்து உலகுக்குச் சொன்னார்.

இந்தக் கடிதங்களை வைத்து திப்புவைப் பற்றி இரண்டு தரப்பும் இன்னும் சண்டைபோடுகின்றன. எனக்கு அவற்றில் தெரிவது சிறிய அரசின் நிலைமை. படையில்லாத பீடம், படையுள்ள அண்டை வீட்டார் மதிக்கிறவரைதான் பத்திரமாக இருக்கிறது. கோயிலைக் கொள்ளையிட்டவர்கள் அதே தெய்வங்களை வணங்குகிறவர்கள். சீர்செய்யப் பணம் அனுப்பியவர் ஒரு முஸ்லிம் சுல்தான். மதம் மட்டும் ஒரு சிறு நாட்டைக் காப்பாற்றியதற்கு வரலாற்றில் சான்று குறைவு. 1803 பிப்ரவரி 25 அன்று ரேகன்ஸ்பர்க்கில் கூடிய பேரரசின் தூதர்கள் ஜெர்மானிய ஆயர் அரசுகள் அத்தனையையும், ஓரிரண்டு தவிர, ஒரே தீர்மானத்தில் அழித்தார்கள். ரைன் ஆற்றுக்கு மேற்கே பிரான்சிடம் நிலம் இழந்த இளவரசர்களுக்கு ஈடுகட்ட, சுமார் 30 லட்சம் மக்களுக்கு ஆட்சியாளர் மாறினார். அவற்றைப் பங்கிட்டுக்கொண்டவர்களும் கிறிஸ்தவ இளவரசர்களே. ஓஸ்னாப்ரூக் ஹானோவருக்குப் போயிற்று. பிரெடரிக் ஆயர் பதவியை இழந்தார்.

1799 பங்கீட்டிலும் சிருங்கேரி தப்பியது. மைசூருக்குள் ஜாகீராக, மடமே வரி வசூலித்து நிர்வகிக்கும் தனிப்பகுதியாக, மேலும் ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. ஜாகீரின் அன்றாட வாழ்க்கை மடத்தின் ‘கடதம்’ என்னும் ஏடுகளில் இருக்கிறது. துணியில் புளியங்கொட்டைப் பசையும் கரியும் பூசி, மடித்து மடித்து வைத்து, மாக்கல் குச்சியால் வெள்ளையாக எழுதும் கணக்குப் புத்தகம் அது. எழுதினால் அழிக்கலாம், திரும்ப எழுதலாம். நிலக்கணக்கு, வரவு, உற்சவச் செலவு, அரசர்களோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் இவற்றில் ஏறின. ஏ.கே. சாஸ்திரி இவற்றில் உழைத்துத்தான் 1982இல் சிருங்கேரியின் வரலாற்றை எழுதினார். மன்றோவின் ஆட்கள் பாரமகாலில் காகிதத்தில் எழுதியதையும் இந்தக் கடதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு தமிழ் ஆய்வாளர் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தியாவில் துறவிகள் அசல் சமஸ்தானத்தையே ஆண்ட இடமும் உண்டு. இன்றைய சத்தீஸ்கரில் இருந்த நந்த்காவ் சமஸ்தானத்தில் பைராகி மகந்துகள் சீடர் வழியாகப் பட்டத்துக்கு வந்தார்கள். 1865இல் ஆங்கிலேயர் மகந்த் காசிதாஸைச் சிற்றரசராக ஏற்றார்கள். அவர் மகன் அடுத்துப் பட்டத்துக்கு வந்ததும் அது சாதாரண ராஜவம்சமாகிவிட்டது. தெய்வத்தின் பெயரால் ஆண்டவர்களும் உண்டு. 1750 முதல் நாட்டைப் பத்மநாபருக்கு ஒப்படைத்துவிட்டு அவர் தாசராக ஆண்ட திருவிதாங்கூர் மன்னர்களின் அரசு, 1949 ஜூலையில் கொச்சியோடு இணைந்தது. அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி அக்ரகாரம் ஓசூருக்குப் பக்கத்தில், தென்பெண்ணைப் படுகையில் இருக்கிறது. அந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் நினைக்கலாம்: சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தபோது தேசத்தின் தலைமையில் இருந்தவர், மூன்று மொழியும் இரண்டு அரசும் உரசிக்கொண்ட இந்த எல்லையில் பிறந்தவர்.

சிருங்கேரி ஜாகீரை முடித்தது படையன்று. மைசூர் மாநிலச் சட்டமன்றம் 1955இல் சமய, அறநிலைய இனாம்களை ஒழித்துச் சட்டம் போட்டது. அதன் வழியே நிலம் அரசுக்கு வந்தது. மடத்துக்கு ஈடு கிடைத்தது. பீடம் நின்றது. சாரதையின் சன்னிதியில் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. அன்னதானக் கூடத்தில் பந்தி ஓய்வதில்லை. ஆட்சியை இழந்த பிறகு பீடத்தின் பெருமை கூடியிருக்கிறது என்பது என் எண்ணம். வரி கேட்காத குருவிடம் மக்கள் கூச்சமில்லாமல் போகிறார்கள். ஓஸ்னாப்ரூக்கிலும் 1857இல் மறுபடியும் ஆயர் வந்தார், நாடில்லாத ஆயராக. அந்த ஊரும் ஓசூரைப் போல வண்டி கட்டும் ஊராயிற்று. கார்மன் என்ற கார்ப் பட்டறை 1901இல் அங்கே தொடங்கி, 2009இல் நொடித்து, ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது.

நிலத்தில் நின்றவனின் பேர் தாளில் ஏறியது ஆட்சி மாறிய நாளில் இல்லை. ஆயர் ஆட்சி போய் முப்பது வருடம் கழித்து, 1831இலும் 1833இலும்தான் ஹானோவர் அரசு உழவர்கள் தங்கள் பண்ணைக் கடமைகளைப் பணம் கட்டி மீட்டுக்கொள்ளச் சட்டம் செய்தது. அதற்காகப் போராடிய ஸ்ட்யூவ என்ற வழக்கறிஞர் ஓஸ்னாப்ரூக் நகரத்தவர். ஓரத்துக் குடிசைக்காரனுக்கு அதிலும் ஒன்றும் இல்லை. அவர்களில் ஏராளமானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். கர்நாடகத்தில் தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருந்தபோது 1974 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம், குத்தகைக்கு உழுதவன் தாலுகா தீர்ப்பாயத்தில் ஏழாம் எண் படிவத்தைக் கொடுத்து நிலத்தைத் தன் பேருக்குக் கேட்கலாம் என்றது. சிருங்கேரிக் கடைத்தெருவில் பாக்கு வியாபாரம் செய்யும் ஒருவர் தன் அப்பா அந்தப் படிவம் கொடுத்ததைச் சொன்னார். எழுதப்படிக்கத் தெரியாதவர், பள்ளிக்கூட மாஸ்டரைக் கொண்டு எழுதவைத்தாராம். கூட இருந்த இன்னொருவர் வீட்டில் அந்தத் தலைமுறை பயந்துகொண்டு கொடுக்கவே இல்லை. முதலாமவருக்கு இன்று ஒன்றரை ஏக்கர் பாக்குத்தோப்பு. இரண்டாமவர் அந்தத் தோப்பில்தான் காய் இறக்கும் வேலைக்கு வருகிறார்.